ஏரிக்கரையிலிருந்து ஊருணிக்கரைக்கு: செட்டிநாட்டில் நான்கு நாள்

முதல் நாள், இரவு. காரைக்குடி

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவர்களிடம் யாராவது "இங்கே என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால் போதும், மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குறிஞ்சி ஆண்டவர் கோயில். நாற்பது வருஷமாக வழிசொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அப்படிப்பட்ட நான் இந்த முறை வழிகேட்கிற ஆளாக மலையிறங்கி வந்திருக்கிறேன்.

காரணம் அப்பா. எழுபத்துமூன்று வயது. முதல் வேலை கிடைத்தது காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளி ஆசிரியராக. எழுபதுகளின் நடுவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கி மலைக்குத் திரும்பிவிட்டார். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் காலை, புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்க, போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: "அந்த ஊருணியை ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்மா." அரண்மனை வீடுகளையோ ஆத்தங்குடித் தரையையோ சொல்லவில்லை. ஒரு குளத்தைச் சொன்னார். நட்சத்திர வடிவ ஏரியை வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற மனிதர், சமவெளியில் ஒரு குளத்தைப் பார்க்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல், நத்தம் வழியாக வந்தோம். நத்தம் தாண்டியதும் எதிர்த் திசையில் பாதயாத்திரைக் கூட்டம். பச்சையும் காவியுமாக ஆட்கள், தோளில் காவடி, கையில் வேல், காலில் செருப்பில்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று இதே தடத்தில் பல நூற்றாண்டுகளாகப் போகின்றன. வழியெல்லாம் மோரும் பானகமும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் நின்றால், பனி விலகிய நாளில் கீழே பழனி மலை சின்னதாகத் தெரியும். எத்தனை முறை வெளியூர்க்காரர்களுக்கு விரல் நீட்டிக் காட்டியிருப்பேன். அந்தச் சின்னப் புள்ளியை நோக்கி இவர்கள் எங்கிருந்து நடந்து வருகிறார்கள் என்று இன்றுதான் கண்ணால் பார்த்தேன். அப்பா காரை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி நின்று கும்பிட்டார்.

சிங்கம்புணரிப் பக்கம் சற்றே விலகிப் பிரான்மலைக்குப் போனோம். மலைக்காரர்கள் செட்டிநாட்டுக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி. பாரி ஆண்ட பறம்பு மலை இது என்பார்கள். சுமார் 2,500 அடி உயரம். எங்கள் ஊரின் ஏழாயிரத்தோடு ஒப்பிட்டால் குன்றுதான், ஆனால் சுற்றிலும் தட்டையான நிலத்தில் அது எழுந்து நிற்கிற நிற்பு வேறு. அடிவாரத்தில் திருக்கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடியது. பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காகச் சந்நிதிகள். மேலே பாறையைக் குடைந்த குகையில் மங்கைபாகர். மலையுச்சியில் ஒரு தர்காவும் இருக்கிறது. அதற்கு ஏறுகிற கால் அப்பாவுக்கு இப்போது இல்லை. இந்த மலையின் சுனைகளைச் சங்கப் புலவர்கள் வானத்து மீன்களோடு ஒப்பிட்டார்கள் என்று கோயில் படியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினார். "எண்ண முடியாத சுனைன்னு அர்த்தம் இல்லம்மா. தண்ணி இருக்கிற இடத்தை நட்சத்திரம் மாதிரி அண்ணாந்து பாத்த ஊருன்னு அர்த்தம்." இலக்கணப்படி சரியா தெரியாது. இன்று முழுக்க அதுதான் காதில் இருக்கிறது.

இரண்டாம் நாள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வேட்டங்குடி

விடிகாலை பிள்ளையார்பட்டி. சீக்கிரம் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். குன்றைக் குடைந்து, அந்தப் பாறையிலேயே செதுக்கிய ஆறடி உயரக் கற்பக விநாயகர். இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த தும்பிக்கை. தங்கக் கவசத்தில் பார்ப்பதைவிட, அபிஷேக நேரத்தில் எண்ணெய் மினுங்கும் கல்லாகப் பார்க்க வாய்த்தால் அதை விடாதீர்கள். வெளியே வந்தால் எதிரே பெரிய திருக்குளம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இது ஒன்று. மற்றவை இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. எல்லாம் பார்க்க நான்கு நாள் போதாது. சிற்பம் பிடித்தவர்கள் வைரவன்பட்டிக்கும் இரணியூருக்கும் மட்டுமாவது போங்கள்.

குன்றக்குடியில் காவடிக் கூட்டம் கிளம்பிப்போன அமைதி. மேலே சண்முகநாதர், கீழே பாறையில் குடைவரைகள், படியெங்கும் மயில். மருதாபுரி என்கிற குளத்துப் படியில்தான் அப்பா நெடுநேரம் உட்கார்ந்தார். பெரிய மருதுவுக்கு முதுகில் வந்த ராஜபிளவை என்கிற கட்டி இந்தக் கோயில் திருநீற்றில் ஆறியது, அதனால் மருது சகோதரர்கள் இங்கே திருப்பணி செய்தார்கள், குளமும் வெட்டினார்கள் என்பது ஊர் வழக்கு. ராஜா மனம் குளிர்ந்தால் தேர் செய்து தருவார், கோபுரம் கட்டுவார். இந்தச் சீமையில் குளமும் வெட்டியிருக்கிறார்கள். அப்பா சொன்ன நட்சத்திரம் மறுபடி நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வேட்டங்குடி. திருப்பத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் போய்ப் பிரிய வேண்டும். கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் சேர்ந்த கண்மாய்கள், 1977 முதல் பறவைகள் சரணாலயம். பெரிய நுழைவாயிலோ படகோ குதிரை சவாரியோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். கண்மாய்க் கரை, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள், மரம் தெரியாமல் பறவை. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு எவ்வளவு! நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம். கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு சண்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் வந்து குஞ்சு பொரித்துவிட்டுக் கோடைக்கு முன் போய்விடும். மழை பொய்த்த வருஷம் பறவையும் குறைந்துவிடும்.

இந்த ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் மிரளும் என்பதற்காகத் தலைமுறைகளாகக் காத்துவரும் கட்டுப்பாடு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம், பிள்ளைகள் கேட்டு அழாதா என்றேன். "பிள்ளை பெத்தவ தூங்குற வீட்டுல வெடி போடுவமா?" என்றார். எங்கள் ஊரில் சீசன் நேரத்தில் ஏரியைச் சுற்றி நள்ளிரவு வரை அடிக்கிற ஹாரன் சத்தம் நினைவுக்கு வந்தது. ஏரிச்சாலையில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரையும் ஒருமுறை இந்தக் கரையில் அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும் என்று மனசாரத் தோன்றியது.

மூன்றாம் நாள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி

இன்று எல்லாரும் பார்க்கிற செட்டிநாடு.

காரைக்குடிக்குள்ளேயே ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தோம், ஐந்து நிமிஷத்தில் கிளம்பினோம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதிக நேரம் நிற்க என்னால் முடியவில்லை. பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தூக்குச் சட்டிகள், மரப்பாச்சி. கடைக்காரர்கள் மரியாதையான மனிதர்கள், பொருளின் கதையைப் பொறுமையாகச் சொல்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இடிக்கப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு சட்டியோ ஓலைக் கொட்டானோ வாங்குங்கள், தூணை வாங்காதீர்கள் என்பேன்.

கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். முகப்பு, திண்ணை, பிறகு வளவு என்கிற திறந்த உள்முற்றம், அதற்குப் பின்னால் அடுத்த கட்டு, கடைசியில் சமையல் கட்டு. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியேறலாம். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. கல்யாணம் ஆனவன் ஒரு புள்ளி. ஊர் வரியும் கோயில் வரியும் புள்ளிக்கணக்கில்தான். சுவரைத் தொட்டுப் பாருங்கள், நடுப்பகலிலும் ஜில்லென்றிருக்கும். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல், ஜப்பான் ஓடு என்று வழிகாட்டித் தம்பி சொல்லிக்கொண்டே போனான்.

அப்பா வளவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சொன்னீங்களே தம்பி, தண்ணி எப்படிப் போகும்னு சொல்லலியே?"

அந்தப் பையனின் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் கேட்பதில்லையாம். அரைமணி நேரம் எங்களை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போனான். நான்கு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரிகிறது. ஓட்டிலிருந்து வழியும் நீரைத் தாழ்வாரத்துத் தகர வாய்கள் வாங்கி மூலைகளில் கொட்டும். முதல் மழையில் கூரையைக் கழுவ விடுவார்கள். அந்தத் தண்ணீரைப் பிடிப்பதில்லை. அடுத்த மழைக்கு மூலைக்கு மூலை அண்டாவும் கிடாரமும் வந்து உட்காரும். அண்டா நிறைந்து வழிந்தால் கற்பாவிய முற்றத்தில் விழுந்து, மூலைத் துளை வழியாக நிலத்தடிக் கால்வாயில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அதற்கும் மிஞ்சினால் தெருக்கால்வாய். தெருக்கால்வாய் எங்கே போகிறது என்று கேட்டேன். வாசலுக்குக் கூட்டிவந்து கை நீட்டினான். தெருக் கோடியில், வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஊருணி.

அதுவரை இந்தத் தெருக்களின் நேர்த்தியைப் பணக்காரர்களின் ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன். தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஏன் ஓடுகிறது என்று இப்போது புரிந்தது. வானத்திலிருந்து விழுவது வீட்டுக்குள் வந்து, வீட்டிலிருந்து கிணற்றுக்கும் தெருவுக்கும் போய், கடைசியில் ஊருக்கே பொதுவாகச் சேர்கிற பாதை அது. வற்றாத ஆறு கிடையாது, செம்மண்ணும் செம்புறாங்கல்லும் உள்ள வறண்ட பூமி. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கொண்டுவந்த பணத்தில் தேக்கும் சலவைக்கல்லும் வாங்கலாம். மழையை வாங்க முடியாது, பிடித்துவைக்கத்தான் முடியும். எங்கள் கொடை ஏரியும் இயற்கை ஏரி அல்ல. 1863-இல் மதுரைக் கலெக்டர் வெர் லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. அதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பிற்பகல் ஆத்தங்குடி. பெரிய வீட்டின் தரை, மேற்கூரை வேலைப்பாடுகள் எல்லாம் படங்களில் பார்த்திருப்பீர்கள், நேரிலும் அப்படியே அழகு. அதைவிடப் பட்டறையில் நிற்பது பெரிய அனுபவம். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத் தடுப்பு அச்சு. சிமெண்டும் மணலும் சாயமும் கரைத்த குழம்பைக் கரண்டியால் மொண்டு, கோடு தாண்டாமல் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார் ஒரு அக்கா. அச்சை ஒரே தூக்கில் எடுக்கிறார். சிவப்பு மஞ்சளோடு கலக்கவில்லை, பச்சை கலையவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, பிறகு கலவை போட்டு, கரணையால் தட்டி முடிக்கிறார். சூளை கிடையாது. ஒருநாள் இறுகவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைப்பார்கள். கண்ணாடி தானே விலகிக் கொடுக்கும், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். "நடக்க நடக்கத்தாங்க மெருகு ஏறும். சும்மா பூட்டி வச்சா மங்கிடும்" என்றார் அக்கா. மாதிரிக்கு நான்கு கல் வாங்கினேன், பூஜையறைக்கு.

காரைக்குடி திரும்பும்போது அழகப்பர் கல்லூரி வளாகங்களைக் கடந்தோம். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கொடுத்தவர் 47 வயதில் இறந்துபோனார். அப்பா வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். ஆசிரியர்களுக்கு இது கோயில் வாசல்.

நான்காம் நாள். அப்பாவின் ஊர்

ஊரின் பெயரை அப்பா எழுத வேண்டாம் என்றுவிட்டார். கூட்டம் வந்துவிடுமாம். அவர் பயம் நியாயம்தான்.

பூட்டிய வீடுகள் நிறைந்த தெரு. ஆலமரம், சிவன் கோயில், எதிரே ஊருணி. நான்கு பக்கமும் செம்புறாங்கல் கட்டு, ஒரு பக்கம் அகலப் படி, நடுவே உறைகிணறு ஒன்றின் விளிம்பு தண்ணீருக்கு மேல் தெரிந்தது. கோடையில் ஊருணி வற்றினால் அந்தக் கிணற்றில் இறங்கி ஊறுகிற நீரை மொண்டுகொள்வார்களாம். ஊர் உண்ணும் நீர், அதனால் ஊருணி. குளிப்பதற்கு வேறு குளம், மாடு இறங்க வேறு கண்மாய். இதில் கால்கூட நனைக்கக் கூடாது. கடைசிப் படியில் குனிந்து மொள்ள வேண்டும்.

அப்பா செருப்பைக் கழற்றினார். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கினார். "தை மாசம் ஏழாம் படி தெரியும். மாசியில பத்து." எண்ணி முடித்துத் திரும்பினார். "ஏழுதாம்மா!" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. அம்மா போன பிறகு பார்க்கவில்லை.

மேட்டில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வந்தது. "யாரது, படியை எண்ணுறது?"

எண்பது வயதிருக்கும் ஓர் ஆச்சி. கண்டாங்கிச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. அப்பா தன்னைச் சொன்னதும் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "மலைக்கார சாரா? வெயில் தாங்காம தலையில ஈரத்துண்டு போட்டுக்கிட்டே பாடம் நடத்துவீகளே?" அப்பா பள்ளிப் பையன் மாதிரி தலையாட்டினார். "வாங்க சார், உள்ள வாங்க. இது யாரு, மகளா? வா ஆத்தா."

சாப்பிடாமல் விடவில்லை. வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்துவைத்து, அதில் புளி கரைத்து, சின்ன வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோடு காயைப் போட்டுக் கொதிக்கவைப்பது. செட்டிநாடு என்றால் மிளகாயும் மசாலாவும்தான் என்று வெளியூரில் பலகை வைத்திருக்கிறார்கள். களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காத இந்த மண்டி எந்தப் பலகையிலும் இல்லை. பருப்பு நெய்யாக மசிந்திருந்தது.

"ஊருணித் தண்ணில வேகவச்சது. குழாயில காவிரித் தண்ணி வருது, குளிக்க புழங்க அதுதான். பருப்புக்கு மட்டும் ஒரு குடம் எடுத்தாரச் சொல்லுவேன். மழைத் தண்ணியில்ல, பஞ்சா வெந்துரும்."

"தேத்தாங்கொட்டை இன்னும் இருக்கா ஆச்சி?" என்றார் அப்பா.

ஆச்சி அடுக்களைக்குப் போய் ஒரு மண்குடத்தைச் சாய்த்துக் காட்டினார். உட்புறம் வட்டமாகத் தேய்ந்த தடம். செம்மண் கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்சுவரில் இழைப்பார்கள்; கலங்கல் அடியில் படிந்து மேலே கண்ணாடியாகத் தெளியும். தனியாளாக வந்து வாடகை அறையில் தங்கியிருந்த இருபத்துமூன்று வயது வாத்தியாருக்கு அதை இழைக்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஆச்சியின் மாமியாராம். இத்தனை வருஷத்தில் இதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

ஊருணியின் நிலைமையையும் எழுதியாக வேண்டும். மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் மேற்கு வரத்துக்காலில் பாதிக்கு மேல் வீட்டுமனை வந்துவிட்டது. மீதிப் பாதியை ஊரிலிருக்கும் நாலைந்து பேர் வருஷா வருஷம் புரட்டாசியில் தாங்களே வெட்டிவிடுகிறார்கள். தூர் எடுத்துப் பல வருஷம் ஆகிறது. ஏழாம் படி வரை தண்ணீர் நின்றாலும், அடியில் வண்டல் ஏறியிருப்பதால் பங்குனி தாண்டாது என்கிறார் ஆச்சி. முன்பெல்லாம் அடுத்த மழை வரை நிற்குமாம். வெளியூர்களில் இருக்கும் புள்ளிகள் திருவிழாவுக்கு வருகிறார்கள், கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். கோயிலுக்கு எதிரே இருக்கிறதையும் ஒரு கண் பாருங்கள் என்று நான் சொல்லக்கூடாதுதான், விருந்தாளி. ஆனாலும் சொல்கிறேன்.

கிளம்பும்போது ஆச்சி ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நிறைய ஊருணித் தண்ணீரும், முடிச்சில் நாலு தேத்தாங்கொட்டையும் கொடுத்தார். வாளியைப் பின்னால் டிக்கியில் வைக்கலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நத்தம் தாண்டும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை.